நாம் போட்ட ஓட்டு யாருக்குச் சொந்தம்?

(தொலைக்காட்சி அரங்கில் ‘கூட்டணி ஆட்சி: நேற்றும் இன்றும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜார்ஜ்டவுனில் லைட் ஸ்திரீட் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு கட்டடங்கள் தெரிந்திருக்கும். ஒன்று மாநிலச் சட்டமன்றம். இன்னொன்று, சற்றுத் தள்ளி உயர் நீதிமன்றம். சட்டம் செய்கிற இடமும் சட்டத்துக்குப் பொருள் சொல்கிற இடமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மூன்றாவதாக ஒரு கட்டடத்தையும் நான் இவற்றோடு சேர்த்துச் சொல்வேன். அது கொஞ்சம் தொலைவில், மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அங்கே சட்டமும் செய்வதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. ஆனால் முதல் இரண்டு இடங்களிலும் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் முதல்வரிசையில் நிற்பவர் பேராசிரியர் கே. ஜே. ரத்தினம். அவரது ஆய்வைத் துணைக்கு வைத்துக்கொண்டு இன்று ஒரே ஒரு கேள்வியைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கேள்வி இதுதான். தேர்தலில் ஒரு கூட்டணிக்கு ஓட்டுப் போடுகிறோம். தேர்தல் முடிந்த பிறகு அந்தக் கூட்டணி கலைகிறது, அல்லது நாம் எதிர்த்து ஓட்டுப் போட்ட கூட்டணியோடு சேர்ந்துவிடுகிறது. அப்போது நம் ஓட்டு என்ன ஆகிறது? அது யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வி எல்லாருக்கும் உண்டு என்றாலும் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. இந்த நாட்டில் இந்தியர்களே பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. மற்ற இனத்தவரோடு சேர்ந்து ஓட்டுப் போட்டுத்தான் நம் பிரதிநிதி உள்ளே போக முடியும். ஆகவே கூட்டணி என்பது நமக்கு வசதியான ஏற்பாடு மட்டும் அல்ல, அது ஒன்றுதான் வழி. அந்த வழியில் யார் யாரோடு என்ன பேசி முடித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நமக்கு அதிகம்.

ஆய்வாளரின் வேலை

ரத்தினம் 1960களில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்தார். பிறகு 1970களில் பினாங்குக்கு வந்து மிண்டனில் சமூக அறிவியல் துறைப் பேராசிரியராக இருந்தார். மலாயாவில் இனவாதமும் அரசியல் நடைமுறையும் என்று பொருள்படும் அவரது ஆங்கில நூல் 1965இல் வெளிவந்தது. குடியுரிமை, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, மொழி, சமயம், கட்சிகள், தேர்தல்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இந்த நாட்டு அரசியலில் இன வேறுபாடு எப்படி எல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கிறது என்று அந்த நூல் காட்டியது. அது திட்டித் தீர்க்கும் நூலும் அல்ல, புகழ்ந்து தள்ளும் நூலும் அல்ல. என்ன நடந்தது என்று வரிசைப்படுத்திச் சொல்லும் நூல்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1964இல், அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் தலைவர்களின் ‘வசீகரம்’ பற்றி அப்போது எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தலைவரின் வசீகரத்தைச் சொல்லிவிட்டால் ஒரு நாட்டின் அரசியலை விளக்கியது ஆகிவிடுமா என்று அந்தக் கட்டுரை சந்தேகம் எழுப்பியது. இது சின்ன விஷயம் அல்ல. நம் வீட்டுத் திண்ணையில், காப்பிக் கடையில் அரசியல் பேசும்போது நாம் தலைவரைத்தான் பேசுகிறோம். அவர் நல்லவர், இவர் கெட்டவர் என்கிறோம். ரத்தினம் தலைவரைத் தள்ளி வைத்துவிட்டு ஏற்பாட்டைப் பார்க்கச் சொன்னார்.

ஆர். எஸ். மில்ன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1964 பொதுத்தேர்தலைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அது 1967இல் வந்தது. 1969 தேர்தலைப் பற்றியும் இருவரும் எழுதினார்கள். பிறகு சபா, சரவாக் மாநிலங்களின் அரசியலைப் பற்றி 1974இல் இன்னொரு நூல். தேர்தலுக்குத் தேர்தல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து எழுதி வைத்தவர்கள் இவர்கள். இன்று நாம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்க முடிகிறது என்றால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு அதற்கு ஒரு காரணம்.

கூட்டணி பிறந்த கதை

மலாயாவில் முதல் தேர்தல் எங்கே நடந்தது தெரியுமா? நம் ஜார்ஜ்டவுனில்தான். 1951 டிசம்பர் 1ஆம் தேதி நகராட்சித் தேர்தல். 9 இடங்களில் 6 இடங்களை ரேடிக்கல் கட்சி பிடித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் வந்தது. அங்கே அம்னோவும் மலாயா சீனர் சங்கமும், அதாவது ம.சீ.ச.வும், ஓர் உடன்பாட்டுக்கு வந்து 12 இடங்களில் 9 இடங்களை வென்றன. கொள்கை பேசிச் சேர்ந்த கூட்டு அல்ல அது. ஓர் ஊரில் ஜெயிப்பதற்காகச் சேர்ந்த கூட்டு. ஆனால் அது பலித்துவிட்டது. 1954இல் ம.இ.கா.வும் உள்ளே வந்தது.

1955 ஜூலையில் நடந்த பொதுத்தேர்தலில் இந்தக் கூட்டணி 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. இந்தக் கணக்கை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களில் ஏறக்குறைய 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். கூட்டணியோ 35 இடங்களை அம்னோவுக்கும் 15 இடங்களை ம.சீ.ச.வுக்கும் 2 இடங்களை ம.இ.கா.வுக்கும் ஒதுக்கியிருந்தது. இனத்தைப் பார்த்து மட்டும் ஓட்டுப் போட்டிருந்தால் அந்த 17 பேரில் பெரும்பாலோர் வந்திருக்கவே முடியாது. 17 பேரும் வந்தார்கள். தலைவர்கள் பேசி முடித்ததை வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் நம் ஊரில் இன்னொன்றும் நடந்தது. 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். சீனர்கள் அதிகம் வாழும் நகரத்தில் ஒரு தமிழர் மேயர் ஆனார்.

எல்லாம் நன்றாகத்தானே போயிற்று, பிறகு என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். சிக்கல் 1959இல் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் மொத்தம் 104 இடங்கள். ம.சீ.ச.வின் தலைவராக இருந்தவர் நம் பினாங்கு டாக்டர் லிம் சொங் இயூ. 40 இடங்கள் வேண்டும் என்று கேட்டார். காரணம் இருந்தது. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையில் இருந்தால்தான் தங்களைக் கேட்காமல் திருத்த முடியாது என்று அவர் நினைத்தார். துங்கு அப்துல் ரஹ்மான் இணங்கவில்லை. கடைசியில் ம.சீ.ச. 31 இடங்களில் நின்றது. டாக்டர் லிம் பிறகு அந்தக் கட்சியிலிருந்தே வெளியேறினார்.

இங்கேதான் ஆய்வாளர்களின் பார்வை நமக்கு உதவுகிறது. கூட்டணியின் உண்மையான தேர்தல் வாக்குச் சாவடியில் நடப்பதில்லை. அதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கு எத்தனை இடம் என்று பேசும்போதே பாதி நடந்துவிடுகிறது. அந்த அறையில் நமக்காகப் பேசுகிறவர் யார், அவர் கையில் என்ன பலம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் மற்றதெல்லாம்.

பினாங்கில் நடந்த மாற்றம்

டாக்டர் லிம் அதோடு ஓயவில்லை. 1968இல் மற்றவர்களோடு சேர்ந்து கெராக்கான் கட்சியைத் தொடங்கினார். 1969 மே 10ஆம் தேதி தேர்தலில் அந்தக் கட்சி பினாங்குச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16 இடங்களைப் பிடித்தது. ஆளும் கூட்டணிக்கு 4 இடங்கள்தான். மக்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: கூட்டணி வேண்டாம், கெராக்கான் வேண்டும். மூன்று நாள் கழித்துக் கோலாலம்பூரில் கலவரம். நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. மறுபடி அது கூடியது 1971 பிப்ரவரியில்.

அடுத்த ஆண்டு, 1972 பிப்ரவரியில், பினாங்கில் ஒரு செய்தி வந்தது. மக்கள் யாரை எதிர்த்து ஓட்டுப் போட்டார்களோ அந்தக் கூட்டணியோடு கெராக்கான் சேர்ந்து மாநிலத்தில் கூட்டாட்சி அமைத்தது. இடையில் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. வாக்காளரை யாரும் கேட்கவில்லை. பினாங்கில் செய்து பார்த்தது பிறகு மற்ற இடங்களுக்கும் பரவி, 1974இல் ‘தேசிய முன்னணி’ என்ற பெயரில் பதிவானது. அதாவது, 2018 வரை இந்த நாட்டை ஆண்ட தேசிய முன்னணிக்கு ஒத்திகை பார்த்த மேடைகளில் ஒன்று நம் பினாங்கு.

அது தவறா சரியா என்று இன்று தீர்ப்புச் சொல்வது சுலபம். நியாயமாகப் பேச வேண்டும். கலவரத்தின் ரத்தம் காயாத காலம். மத்திய அரசோடு மோதிக்கொண்டு ஒரு சிறு மாநிலம் பிழைக்க முடியாது என்று டாக்டர் லிம் நினைத்திருக்கலாம். அதற்குப் பிறகு பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகள் வந்தன, வேலை வந்தது. 1974 தேர்தலில் வாக்காளர்கள் அவரை ஏற்றுக்கொண்டும் விட்டார்கள். 1990 வரை முதலமைச்சராக இருந்தார். ஆனால் 1969க்கும் 1974க்கும் இடையில் அந்த ஓட்டு யார் கையில் இருந்தது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

உலக அறிஞர்களும் இதைக் கவனித்தார்கள். நெதர்லாந்தில் பிறந்த அரண்ட் லைபார்ட் 1977இல் எழுதிய நூலில், பல இனங்கள் வாழும் நாடுகளில் தலைவர்கள் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டு ஆளும் முறைக்கு மலேசியாவையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்தார். கனடாவில் இருந்த டயான் மௌசி தேசிய முன்னணியின் கூட்டணி ஆட்சியைப் பற்றியே 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைவர்கள் உடன்பட்டால் அமைதி இருக்கும் என்பது இந்த ஆய்வுகளில் தெரியும் ஒரு பக்கம். அந்த உடன்பாட்டில் சாதாரண மனிதனுக்கு என்ன இடம் என்பது இன்னொரு பக்கம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இப்போது லைட் ஸ்திரீட்டின் இன்னொரு கட்டடத்துக்கு வருவோம். ஆட்சிக்குப் பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? சட்டமன்றமா, ஆளுநரா, நீதிமன்றமா?

1966இல் சரவாக்கில் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானை, உறுப்பினர்கள் எழுதிய ஒரு கடிதத்தை வைத்து ஆளுநர் நீக்கினார். மன்றத்தில் வாக்கெடுப்பு நடக்காமல் அப்படி நீக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. உடனே அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, வேறு வழியில் அவர் பதவி இழந்தார். தீர்ப்பில் ஜெயித்து ஆட்சியில் தோற்றார்.

2009இல் பேராவில் அதே கேள்வி மீண்டும் வந்தது. 59 பேர் கொண்ட மன்றத்தில் 31 பேரோடு பக்காத்தான் ஆட்சி நடந்தது. மூன்று பேர் விலகித் தேசிய முன்னணியை ஆதரித்தார்கள். கணக்கு அப்படியே தலைகீழானது. இந்த முறை கூட்டரசு நீதிமன்றம் 2010 பிப்ரவரியில், பெரும்பான்மை போனதா என்பதை மன்ற வாக்கெடுப்பால் மட்டுமே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை, வேறு வழியிலும் அறியலாம் என்றது. இந்தியாவிலோ 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் சட்டமன்றமே என்று சொல்லியிருந்தது. ஒரே வகையான மன்ற முறை, இரண்டு நாடுகள், இரண்டு விடைகள்.

கட்சி மாறுகிறவர் பதவி இழக்க வேண்டுமா என்பதிலும் இப்படித்தான். இந்தியா 1985லேயே கட்சித்தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இங்கே கிளந்தான் மாநிலம் அப்படி ஒரு விதியைச் செய்தபோது, சங்கம் சேரும் உரிமைக்கு அது எதிரானது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. முப்பது ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு நின்றது.

அதை அசைத்ததும் பினாங்குதான். 2008 மார்ச் 8ஆம் தேதி தேர்தலில் இங்கே ஆட்சி மாறியது. 40 இடங்களில் 29 இடங்கள் எதிர்க்கட்சிகளுக்கு. கெராக்கானுக்கு ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்த பேராசிரியர் பி. இராமசாமி, அதுவரை முதலமைச்சராக இருந்த டான்ஸ்ரீ கோ சூ கூனை பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் தோற்கடித்து, மாநிலத்தின் இரண்டாம் துணை முதலமைச்சரும் ஆனார். வகுப்பறையில் கூட்டணி பற்றிப் பேசியவர் கூட்டணி ஆட்சிக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்.

அந்த ஆட்சி 2012இல் மாநில அரசியலமைப்பில் 14ஏ என்ற விதியைச் சேர்த்தது. ஒரு கட்சியின் வேட்பாளராக வென்றவர் அந்தக் கட்சியை விட்டுப் போனால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 2020இல் கூட்டரசு ஆட்சி தேர்தல் இல்லாமலேயே கைமாறியபோது பினாங்கிலும் நான்கு உறுப்பினர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். அவர்களின் இடங்களைக் காலியாக்கச் சட்டமன்றம் முயன்றது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 ஆகஸ்ட் 3ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, பினாங்கின் விதி செல்லும் என்றார்கள். 1992 தீர்ப்பின் வழி அங்கே முடிந்தது. 2023 மார்ச்சில் நான்கு இடங்களும் காலியானதாகச் சட்டமன்றம் தீர்மானித்தது. ஆனால் அந்த ஆகஸ்டிலேயே மாநிலத் தேர்தல் வந்துவிட்டது. அந்த நான்கு தொகுதி வாக்காளர்களுக்கு நியாயம் கிடைத்தது, மூன்று ஆண்டு தாமதமாக.

இன்னும் திறந்திருக்கும் கதவு

2022 அக்டோபரில் நாடு முழுமைக்கும் கட்சித்தாவல் தடை நடப்புக்கு வந்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 49ஏ பிரிவு அது. நல்ல சட்டம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனி உறுப்பினர் கட்சி மாறினால் பதவி போகும். ஒரு கட்சியே முழுதாக ஒரு கூட்டணியிலிருந்து இன்னொரு கூட்டணிக்குப் போனால் யாருடைய பதவியும் போகாது.

நேயர்களே, இப்போது 1972ஐ நினைத்துப் பாருங்கள். அன்று தனி ஆள் யாரும் தாவவில்லை. கட்சியே போனது. அதே காரியத்தை இன்று ஒரு கட்சி செய்தாலும் 49ஏ தடுக்காது. ஐம்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

அதை இறுக்கி மூடிவிடலாமே என்றால் அதுவும் சுலபம் அல்ல. 2022 நவம்பர் தேர்தலில் 222 இடங்களில் எந்த அணிக்கும் பெரும்பான்மை வரவில்லை. எதிரெதிராக நின்ற பக்காத்தான் ஹராப்பானும் தேசிய முன்னணியும் சேர்ந்ததால்தான் ஒற்றுமை அரசாங்கம் அமைந்தது. கூட்டணி மாறவே கூடாது என்று சட்டம் இருந்திருந்தால் ஆட்சியே அமைந்திருக்காது. தேர்தலுக்குப் பிந்தைய கூட்டு சில நேரம் தேவைப்படத்தான் செய்கிறது.

மிண்டனில் நீண்ட காலம் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த ஜோகான் சரவணமுத்து 2016இல் எழுதிய நூலில் அறுபது ஆண்டுத் தேர்தல்களைத் தொகுத்துப் பார்க்கிறார். கட்சிகளின் பெயர் மாறுகிறது, ஆட்சி மாறுகிறது, ஆனால் இனங்களுக்கு இடையே பேசி, பகிர்ந்து ஆளும் முறை மாறவில்லை என்பது அந்த நூல் காட்டும் பாதை. 1965இல் ரத்தினம் தொடங்கிய கேள்வியை 2016இல் இன்னொருவர் அதே வளாகத்தின் பயிற்சியோடு தொடர்ந்திருக்கிறார். ஆட்சியாளர்கள் போய்விடுவார்கள். எழுதி வைத்தது நிற்கும்.

சட்டத்தால் முழுவதும் மூட முடியாத கதவுக்கு வாக்காளர்தான் காவல். அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டுக்கு வேட்பாளர் வரும்போது மாலை போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் கட்சிக்கு எத்தனை இடம், அதை யார் பேசி முடித்தார்கள்? பெரும்பான்மை வராவிட்டால் யாரோடு சேர்வீர்கள், யாரோடு சேர மாட்டீர்கள்? சேர்ந்தால் எங்களுக்குச் சொன்ன எந்த வாக்குறுதியை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்?

பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கேட்டார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு இடம் பேசும் அறைக்குள் நாம் போக முடியாது. நம் கேள்வியாவது அவரோடு உள்ளே போகட்டும்.